புயல் ஓய்ந்த மறுநாள் சாலையின் ஓரம் யாருக்கு? சைக்கிளில் செல்வோர் சார்பில் எங்கள் நிலைப்பாடு

புயல் மழைக்குப் பிறகு ஒரு சாலை சரியாகிவிட்டது என்று அறிவிக்க வேண்டுமானால், அதன் இடது ஓரத்தில் ஒரு பிளஸ் ஒன் மாணவி சைக்கிளை விட்டு இறங்காமல் பள்ளி வரை போக முடிய வேண்டும். பஸ் போய்விட்டது, லாரி போய்விட்டது என்பது மட்டும் போதாது. திமிரியிலும் விளாப்பாக்கம், காவனூர், கலவைப் பக்கத்து ஊர்களிலும் அன்றாடம் சைக்கிளில் போய்வருகிறவர்கள் சேர்ந்து நடத்தும் எங்கள் மன்றத்தின் நிலைப்பாடு இதுதான். வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன்பே இதைப் பொதுவில் வைக்கிறோம்.

எங்கள் உறுப்பினர்களில் விடியற்காலையில் பால் ஊற்றப் போகிறவர்கள் இருக்கிறார்கள். ராணிப்பேட்டை சிப்காட்டுக்கும் மேல்விஷாரத்து டேனரிகளுக்கும் ஷிப்டுக்குப் போகிறவர்கள், ஷூ கம்பெனி வேனைப் பிடிக்க மெயின் ரோடு வரை மிதிக்கிறவர்கள், அரசு கொடுத்த சைக்கிளில் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் பெற்றோர் இருக்கிறார்கள். எல்லோருக்கும் பொதுவானது ஆற்காடு–ஆரணி சாலையின் ஓரம். அந்த ஓரத்தைப் பற்றித்தான் இந்த அறிக்கை.

கடலோரத்தில் கரையைக் கடக்கும் புயல் நம் பக்கம் காற்றாக வருவது குறைவு, மழையாக வருவதே அதிகம். 2022 டிசம்பரில் மாமல்லபுரத்தருகே கரை கடந்த மாண்டஸும், 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரை கடந்த ஃபெஞ்சலும் வட மாவட்டங்களின் உட்பகுதி வரை மழையைக் கொண்டுவந்தன. 2021 நவம்பரில் பாலாற்றில் ஒரு லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் போனதை இந்தப் பக்கத்துப் பெரியவர்களே வியந்து பார்த்தார்கள். அப்போதெல்லாம் பேச்சு பாலங்களைப் பற்றியும் ஏரிக்கரைகளைப் பற்றியும் இருந்தது. இருக்கவேண்டியதுதான், உயிர் போகிற இடம் அது. பேரணாம்பட்டில் அந்த நவம்பரில் வீடு இடிந்து குழந்தைகள் உட்பட ஒன்பது பேர் இறந்ததை யாரும் மறக்கவில்லை. ஆனால் தண்ணீர் வடிந்த பிறகு வரும் பத்துப் பதினைந்து நாட்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. சைக்கிளில் போகிறவர்கள் விழுவது அந்த நாட்களில்தான்.

எப்படி விழுகிறார்கள் என்பதைச் சொல்ல வேண்டும். சாலையில் புளியமரம் சாய்ந்தால் வாள் வைத்து நடுவில் அறுக்கிறார்கள். பஸ் போகிற அகலத்துக்கு வழி கிடைத்ததும் வேலை முடிந்தது என்று அடுத்த மரத்துக்குப் போய்விடுகிறார்கள். வேர்ப்பக்கத் துண்டு ஒரு ஓரத்திலும் கிளைப்பக்கத் துண்டு மறு ஓரத்திலும் கிடக்கின்றன. அந்த மரம் அரசின் சொத்து, ஏலம் விட்டுத்தான் அகற்ற முடியும். ஏலம் நடக்கும்வரை சைக்கிள்காரர் ஒவ்வொரு துண்டுக்கும் நடுச்சாலைக்கு ஏறி இறங்க வேண்டும், பின்னால் லாரி வரும்போதே. சேற்றுக்கும் இதே கதிதான். ஜேசிபி வண்டலை வழித்து நடுவைச் சுத்தமாக்கிவிட்டு ஓரத்தில் வரப்பு போலக் குவித்துவிட்டுப் போகிறது. வெயில் அடித்தால் அது புழுதி, அடுத்த தூறலில் வழுக்கும் களி.

ஓரமே பழுதுபட்டுக் கிடப்பது இன்னொரு கதை. தார் மேல் தார் போட்டுச் சாலை உயர்ந்துகொண்டே போக, மண் ஓரம் மட்டும் மழையில் கரைந்து கீழே போகிறது. சில இடங்களில் தார் விளிம்புக்கும் மண்ணுக்கும் ஒரு சாண் இறக்கம். எதிரே பஸ் முந்தி வந்தால் சைக்கிள்காரர் அந்த விளிம்பில் இறங்கியாக வேண்டும், இறங்கிய சக்கரம் மறுபடி ஏறாது. பழைய தார்ப்பரப்பைச் சுரண்டி எடுத்த பிறகே புதிய தார் போட வேண்டும் என்று 2021இல் அப்போதைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு எல்லாத் துறைகளுக்கும் அறிவுறுத்தினார். வீடுகள் சாலையைவிடத் தாழ்ந்து தண்ணீர் உள்ளே புகுவதைத் தடுக்க வந்த அறிவுரை அது. சாலையின் விளிம்பு ஒரு சைக்கிள்காரரைக் கவிழ்க்காமல் இருக்கவும் அதே அறிவுரை உதவும். நெடுஞ்சாலைகளிலும் பேரூராட்சித் தெருக்களிலும் அதை விடாமல் கடைப்பிடிக்கக் கோருகிறோம்.

சைக்கிளின் இயல்பும் இதில் சேர்கிறது. சாதாரண சைக்கிளின் டயர் இரண்டு விரல் அகலம். ரிம்மில் பிடிக்கும் பிரேக், அதிலும் இரும்பு ரிம்மில், நனைந்துவிட்டால் காய்ந்த நாளில் பிடிப்பதில் பாதிகூடப் பிடிக்காது. கார்த்திகை மாதத்தில் ஆறு மணிக்கே இருட்டிவிடுகிறது, பெரும்பாலான சைக்கிள்களில் விளக்கு இல்லை. தண்ணீர் நிறைந்த குழி ஒரு விரற்கடை ஆழமா ஒரு முழமா என்று கண்ணுக்குத் தெரியாது. நாடெங்கும் ஆண்டுக்கு நாலாயிரத்துக்கு மேற்பட்ட சைக்கிள்காரர்கள் சாலை விபத்தில் இறக்கிறார்கள். விழுந்து கை முறிந்து ஒரு மாதக் கூலியை இழப்பவர்கள் எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

“இப்போது யார் சைக்கிளில் போகிறார்கள், எல்லோரிடமும் பைக் இருக்கிறதே” என்று கேட்கிறார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், விவசாயம் அல்லாத வேலைக்குப் போகும் இந்தியர்களில் நூற்றுக்குப் பதின்மூன்று பேர் சைக்கிளில் போவதாகப் பதிவானது, பஸ்ஸில் போகிறவர்களைவிட அதிகம். அதன்பின் பைக் பெருகியிருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் தமிழ்நாடு அரசே ஒவ்வோர் ஆண்டும் ஐந்து லட்சத்தை ஒட்டி இலவச சைக்கிள் கொடுக்கிறது. 2001–02இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்கென்று தொடங்கிய திட்டம் 2005–06இலிருந்து அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் பிளஸ் ஒன் பிள்ளைகள் அனைவருக்கும் விரிந்தது. பெண்பிள்ளைகள் படிப்பை நிறுத்தாமல் மேல்வகுப்புக்குப் போக அந்த சைக்கிள் எவ்வளவு உதவியது என்பதை எங்கள் ஊர்களிலேயே கண்ணால் பார்த்திருக்கிறோம். வண்டியைக் கொடுத்த அரசுக்கு அது ஓடும் ஓரத்தைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பும் உண்டு.

பள்ளி விடுமுறை பற்றி ஒன்று. பெருமழை என்றால் மாவட்ட ஆட்சியர் விடுமுறை விடுகிறார், நல்லது. மழை விட்டதும் மறுநாள் பள்ளி திறக்கிறது. சாலை ஓரத்தில் மரத்துண்டும் சேறும் மிக மோசமாகக் கிடப்பது அந்த மறுநாளில்தான். விடுமுறையை நீட்டச் சொல்லவில்லை, பிள்ளைகள் ஏற்கனவே இழந்த நாட்கள் போதும். பள்ளி திறக்குமுன் பள்ளிப் பாதைகளின் ஓரத்தைத் துப்புரவாக்க வேண்டும் என்கிறோம்.

பனி கொட்டும் நாடுகளிலும் இதே வழக்கு நடக்கிறது. அங்கே கார்ப் பாதையிலிருந்து இயந்திரம் தள்ளும் பனி சைக்கிள் பாதையில் போய் மலையாகக் குவிகிறது. 2025 பிப்ரவரியில் அடுத்தடுத்து வந்த பனிப்புயல்களில் அரை மீட்டருக்கு மேல் பனி கொட்டிய டொரொண்டோவில், நம்மவர்கள் நிறைய வாழும் அந்த நகரத்தில், சைக்கிள் பாதைகள் பனிக்குள் புதைந்தன. கோபன்ஹேகனில் முக்கியமான சைக்கிள் பாதைகளுக்கு முன்னுரிமை கொடுத்துப் பனியை அகற்றுகிறார்கள். பின்லாந்தின் ஔலு நகரம் பாதைகளை ஒழுங்காகப் பராமரிப்பதால் உறைபனியிலும் பிள்ளைகள் சைக்கிளில் பள்ளிக்குப் போகிறார்கள். குளிர்கால சைக்கிள் பயணத்துக்கான முதல் உலக மாநாடு 2013இல் அங்கேதான் கூடியது. சுவீடனில் நடைபாதையையும் சைக்கிள் பாதையையும் முதலில் சுத்தம் செய்வது என்று ஸ்டாக்ஹோம் முடிவெடுத்திருந்தபோது, 2016 நவம்பரில் கொட்டிய பெரும்பனியில் அந்த ஏற்பாடு திணறிக் கண்டனத்துக்கு ஆளானது. அந்தத் தோல்வியையும் கணக்கில் எடுத்தே பேசுகிறோம். வரிசையை மாற்றுவதாகத் தாளில் எழுதினால் போதாது, ஆளும் கருவியும் முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டும்.

ஆகவே நாங்கள் கேட்பது இது. ஆம்புலன்ஸும் பஸ்ஸும் போக முதலில் வழி திறப்பதில் எங்களுக்கு மறுப்பே இல்லை. அது முடிந்த கையோடு, அடுத்த இரண்டு நாட்களுக்குள், பள்ளிப் பாதைகளின் ஓரமும் ஷிப்டுக்குப் போகும் பாதைகளின் ஓரமும் துப்புரவாக வேண்டும். எவை அந்தப் பாதைகள் என்பதை ஆட்சியரின் பருவமழை முன்னேற்பாட்டுக் கூட்டத்திலேயே நெடுஞ்சாலைத்துறையும் பேரூராட்சியும் ஊராட்சி ஒன்றியமும் சேர்ந்து முடிவு செய்து எழுதி வைக்கட்டும். அறுத்த மரத்தை மண் ஓரத்துக்கும் அப்பால் உருட்டிவிட்டு அங்கே வைத்து ஏலம் விடட்டும். வழித்த வண்டலை டிப்பரில் ஏற்றிக் கொண்டுபோக வேண்டும், ஓரத்தில் குவிக்கக் கூடாது. குழியில் வெறும் ஜல்லியைக் கொட்டி மூடுவதை நிறுத்த வேண்டும். உருண்டோடும் ஜல்லி சைக்கிளுக்குக் குழியைவிட ஆபத்து. மழைக்காலத்தில் சூடான தார் பிடிக்காது என்றால் குளிர்கலவை போடலாம், அதுவரை ஒரு கம்பில் சிவப்புத் துணி கட்டி நட்டு வைக்கலாம்.

இந்தத் துப்புரவு வேலை தூய்மைப் பணியாளர்கள் தலையில் கூடுதல் சுமையாக விழுவதை நாங்கள் ஏற்கமாட்டோம். அவர்களில் பலரே சைக்கிளில் வருகிறவர்கள். பூட்ஸ், கையுறை, கூடுதல் கூலி இல்லாமல் யாரையும் சேற்றில் இறக்கக் கூடாது.

ராணிப்பேட்டைக்குப் போகிறவர்களுக்குத் தனியாக ஒரு கவலை உண்டு. 1990களின் நடுவில் மூடப்பட்ட தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்டு கெமிக்கல்ஸ் ஆலை விட்டுச்சென்ற குரோமியக் கழிவு இரண்டு லட்சம் டன்னுக்கு மேல். மழை பெய்தால் அதிலிருந்து மஞ்சள் நீர் கசிவது பல ஆண்டுகளாகப் பதிவான செய்தி. காரில் போகிறவருக்கு அது கண்ணாடிக்கு வெளியே. சைக்கிளில் போகிறவருக்கோ சக்கரம் வாரி இறைப்பது முழங்கால் வரை, செருப்புக்குள்ளும்தான். தோல் பதனிடும் தொழிலின் கழிவைப் பற்றி, மாசுபடுத்தியவரே விலை தர வேண்டும் என்ற கொள்கையை உச்ச நீதிமன்றம் 1996இல் நிலைநாட்டியது நம் வேலூர் வழக்கில்தான். அந்தக் கொள்கை மழைக்குப் பின் சாலையில் நிற்கும் தண்ணீருக்கும் பொருந்தும் என்பது எங்கள் கருத்து. சிப்காட் பக்கம் நிறம் மாறிய நீர் தேங்கும் இடங்களை மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஒவ்வொரு பெருமழைக்குப் பிறகும் சோதித்து, தடுப்பு வைத்து, மாற்றுவழி காட்ட வேண்டும். உப்புத்தோல் ஏற்றிவரும் லாரிகள் வழியெல்லாம் ஒழுகவிட்டுப் போவதையும் தடுக்க வேண்டும், ஈரச் சாலையில் அது வழுக்கும்.

டேனரி, ஷூ கம்பெனி நிர்வாகங்களிடம் ஒரு வேண்டுகோள். ஓரம் சரியாகும்வரை, சைக்கிளில் வருகிறவர் தாமதமானால் கூலியைப் பிடிக்காதீர்கள். தாமதத்துக்குப் பயந்துதான் இருட்டில் வேகமாக மிதிக்கிறார்கள்.

தனி சைக்கிள் பாதை கேட்க வேண்டும் என்று எங்களுக்குள்ளேயே சிலர் வாதிட்டார்கள். இந்திய சாலைக் காங்கிரஸ் அதற்கு வழிகாட்டு நெறிகளே வெளியிட்டிருக்கிறது. ஆனாலும் இப்போது அதைக் கேட்பதில்லை என்று முடிவு செய்தோம். இருக்கிற ஓரத்தைப் பராமரிக்க ஏற்பாடு இல்லாதபோது, புதுப் பாதையும் முதல் மழையிலேயே மரத்துண்டும் வண்டலும் போட்டுவைக்கும் இடமாகிவிடும். பராமரிப்பு முதலில் வரட்டும்.

சட்டமும் இருக்கிறது. 2019 திருத்தத்தில் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்ந்த 198ஏ பிரிவு, சாலையைச் சரியாக வைத்திராததால் உயிரிழப்போ ஊனமோ நேர்ந்தால் பொறுப்பான அதிகாரிக்கோ ஒப்பந்ததாரருக்கோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது. அதே திருத்தம், நடந்து போகிறவர்கள், மோட்டார் இல்லாத வண்டிகள் குறித்து விதி இயற்றும் அதிகாரத்தை மாநில அரசுக்குக் கொடுத்தது. புயலுக்குப் பிந்திய பராமரிப்பை அந்த விதிகளில் சேர்க்கக் கோரி மாநில அரசுக்குத் தனியே மனு அனுப்புகிறோம்.

எங்கள் பங்குக்கு, ஒவ்வோர் ஊரிலும் மழை விட்ட அன்றே எங்கள் உறுப்பினர்கள் பள்ளிப் பாதையை நடந்து பார்த்து, அடைப்பும் குழியும் எங்கே என்று குறித்து, மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077 எண்ணில் தெரிவிப்பார்கள். அறுந்து கிடக்கும் மின்கம்பியை எங்கள் ஆட்கள் தொடமாட்டார்கள், யாரையும் கிட்டே விடவும் மாட்டார்கள், மின்வாரியத்தைத்தான் அழைப்பார்கள். திமிரி ஒன்றியத்தின் பள்ளிப் பாதைகள் குறித்த எங்கள் பட்டியலை ஆட்சியர் அலுவலகத்திலும் நெடுஞ்சாலைத்துறையிலும் பேரூராட்சியிலும் இந்த அறிக்கையோடு சேர்த்து அளிக்கிறோம். ஐப்பசி பிறக்குமுன் எழுத்தில் பதில் எதிர்பார்க்கிறோம்.