ஆற்றுக்கு ஒரு நியாயமா?

காவிரியில் தண்ணீர் பெருகினால் டெல்டாவில் கொண்டாட்டம். ஒகேனக்கல் பரிசல் ஓட்டிக்கோ அன்றைக்கு வருமானம் பூஜ்யம்! பிலிகுண்டுலுவில் நீர்வரத்து ஏறினால் கலெக்டர் தடை போடுகிறார். தடை சரிதான். 2024 ஜூலை கடைசியில் லட்சம் கனஅடிக்கு மேல் வந்தபோது பரிசல் விடு என்று யார் சொல்வார்கள்? ஆனால் அடுப்பு எப்படி எரியும்?

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடை. அதற்கான நிவாரணம் 2023 அறிவிப்பில் 5000 ரூபாயிலிருந்து 8000 ஆனது. நல்ல விஷயம். அது ஏன் ஆற்றுக்குப் பொருந்தாது?

கடல் தடைக்குத் தேதி உண்டு, வெள்ளத்துக்கு இல்லை என்பார்கள். தேதி தெரியாததால்தானே அடி பலமாக விழுகிறது! லைசென்ஸ் பட்டியல் கையில் இருக்கிறது. தடை நாட்கள் உத்தரவிலேயே இருக்கின்றன. பரிசல் கட்டணத்தில் ஒரு பங்கை ஒதுக்கி நாள் கணக்கில் கொடுக்கட்டும். தடை போடுகிற கை சோறும் போடட்டும்!