சம்பளத்துக்குக் கொடுப்போம்



டிசம்பர் பிறந்துவிட்டால் பே ஏரியாவில் ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. காரில் வீடு திரும்புகிறவர்களுக்கு ஹெட்லைட்டைப் போடுவதோடு அந்தக் கவலை தீர்ந்தது. ஹோட்டல் சமையலறையிலும் கடைகளிலும் வேலை முடித்துச் சைக்கிளில் திரும்புகிறவர்களின் நிலைமை வேறு. முன்னால் விளக்கு இருக்காது, பின்னால் சிவப்பு வில்லை உடைந்திருக்கும், போட்டிருப்பதோ கறுப்புச் சட்டை. வண்டி ஓட்டும் நம் கண்ணுக்கு அவர் தட்டுப்படும்போது கிட்டத்தட்ட உரசும் தூரத்துக்கு வந்திருப்போம்.

இவர்களுக்காகவே குளிர்காலத்தில் தெருவில் இறங்கி இலவசமாக விளக்கு மாட்டிவிடுகிறது சான் ஃபிரான்சிஸ்கோ பைசைக்கிள் கோயலிஷன் என்ற அமைப்பு. சாயங்காலம் சைக்கிள்கள் அதிகம் போகும் தெரு ஒன்றின் ஓரத்தில் தொண்டர்கள் நிற்பார்கள். விளக்கில்லாத சைக்கிள் வந்தால் கையைக் காட்டி நிறுத்துவார்கள். விளக்கு கட்டைவிரல் அளவுதான். அதன் ரப்பர் வாரை இழுத்து ஹேண்டில்பாரில் ஒரு சுற்றுச் சுற்றிக் கொக்கியில் மாட்டினால் வெள்ளை விளக்கு ஆயிற்று. சீட்டுக்குக் கீழே அதேபோல் ஒரு சிவப்பு. சிக்னல் பச்சையாகி இன்னொரு முறை சிவப்பாவதற்குள் வேலை முடிந்துவிடும். இருட்டில் சைக்கிள் ஓட்டினால் 300 அடி தூரத்திலிருந்து தெரியும்படி முன்னால் வெள்ளை விளக்கு எரிய வேண்டும் என்பது கலிஃபோர்னியா சட்டம். டைனமோ எரியாவிட்டால் போலீஸ்காரர் நிறுத்தி டயரில் காற்றைப் பிடுங்கிவிடுவாரே என்று சந்துக்குள் வண்டியைத் திருப்பிய தலைமுறை நம்முடையது. இங்கே அதே சட்டத்தைச் சொல்லிக்கொண்டே ஒருவர் விளக்கையும் மாட்டி அனுப்புகிறார். கேட்டவுடனே எனக்குப் பிடித்துப்போன விஷயம் இது.

இந்த மாதம் இந்தப் பக்கத்தை ஒரு வேண்டுகோளுக்காக எடுத்துக்கொள்கிறேன். நம் வட்டாரத்துச் சைக்கிள் அமைப்புகளுக்கு இந்த ஆண்டு முடிவதற்குள் நீங்கள் நன்கொடை கொடுக்க வேண்டும்.

டிசம்பர் எப்படியும் கொடுக்கும் மாதம்தான். தேங்க்ஸ்கிவிங் முடிந்த செவ்வாய்க்கிழமையைக் கொடைக்கான நாளாக வைக்கும் பழக்கம் 2012-ல் நியூயார்க்கில் தொடங்கி இப்போது நாடெங்கும் பரவிவிட்டது. அன்றிலிருந்து 31-ஆம் தேதி நள்ளிரவு வரை கடிதம் மேல் கடிதம்: உணவு வங்கி, மருத்துவமனை, தமிழ்ப் பள்ளி, கோயில், ஊரில் படித்த பள்ளிக்கூடம். நம் வாசகர்கள் கொடுப்பதில் யாருக்கும் சளைத்தவர்கள் இல்லை என்பது எனக்குத் தெரியும். சைக்கிள் என்றாலும் கை தாராளமாகவே நீளும். சான் ஹோசேயில் 'டர்னிங் வீல்ஸ் ஃபார் கிட்ஸ்' என்ற அமைப்பு டிசம்பரில் தொண்டர்களைத் திரட்டி, வசதியில்லாத குழந்தைகளுக்காகப் புதுச் சைக்கிள்களைப் பூட்டிக் கொடுத்து வந்திருக்கிறது. அப்பாவும் அம்மாவும் பிள்ளைகளும் ஸ்பேனரோடு உட்கார்ந்து பெடலை முறுக்கும் அந்த இடத்தில் மனசு நிறைந்துபோகும். அதற்குக் கொடுங்கள் என்று நான் எழுத வேண்டியதே இல்லை.

நான் கேட்கிற இடம் கொஞ்சம் கடினமானது. அந்தக் குழந்தை புதுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்குமே, அந்தத் தெருவுக்காகக் கேட்கிறேன். தெருவைப் பாதுகாப்பாக்கும் வேலைக்கு ரிப்பன் கட்டிப் படம் எடுக்க முடியாது. அதற்குக் கொடுக்கும் பணத்தில் பெரும்பங்கு சம்பளத்துக்குத்தான் போகும்.

"சம்பளத்துக்கா?" என்று நண்பர் ஒருவர் முகத்தைச் சுளித்தார். பணம் நேராகச் சைக்கிளாகவோ சாப்பாடாகவோ மாறினால்தான் நன்கொடை, ஆபீஸ் நடத்தப் போனால் வீண் என்ற எண்ணம் நம்மில் பலருக்கு உண்டு. அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். சான் ஃபிரான்சிஸ்கோவில் போக்குவரத்து வாரியம் கூடுவது செவ்வாய்க்கிழமை மதியம். ஒரு தெருவில் சைக்கிள் தடம் போடலாமா என்பது அங்கேதான் முடிவாகிறது. பொதுமக்கள் யாரும் பேசலாம், ஆளுக்கு ஒன்றிரண்டு நிமிடம். அந்த நிமிடத்துக்காக மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். வேலை நாளின் மதியத்தில் யாரால் போய் உட்கார முடியும்? கார் நிறுத்துமிடம் போய்விடுமே என்று பயப்படும் கடைக்காரர் கண்டிப்பாக வருவார், அது அவர் பிழைப்பு. அந்தத் தெருவில் பிள்ளையைப் பின்னால் உட்காரவைத்துப் பள்ளிக்குக் கூட்டிப்போகும் தாய் அந்த நேரத்தில் வேலையில் இருப்பார். அவருக்காக யாராவது அங்கே இருந்தாக வேண்டும். வரைபடத்தைப் படிக்கத் தெரிந்தவர், போன கூட்டத்தில் அதிகாரி கொடுத்த வாக்கை நினைவு வைத்திருப்பவர், அந்தக் கடைக்காரரையே முன்கூட்டிப் போய்ப் பார்த்து, சரக்கு லாரி எங்கே நிற்கும் என்று பேசித் தீர்த்துவைத்தவர். இதைச் சனி ஞாயிறுகளில் ஓய்வு நேரத்தில் செய்துவிட முடியாது.

நாம் சம்பளத்துக்குக் கொடுக்காதவர்களும் இல்லை. ஹார்வர்டில் தமிழ் இருக்கை அமைய 60 லட்சம் டாலர் திரட்டினோமே, அந்தப் பணத்தில் கோபுரம் எதுவும் எழவில்லை. தமிழ் சொல்லித்தர ஒருவர் அங்கே நிரந்தரமாக இருக்க வழிசெய்தது. அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். வாரியக் கூட்டத்தில் நமக்காக ஒருவர் உட்கார்ந்திருக்கவும் அதே பெருமையோடு கொடுக்கலாம்.

சான் ஃபிரான்சிஸ்கோ அமைப்பின் கதையைச் சொன்னால் இது இன்னும் விளங்கும். 1971-ல் தொடங்கியது அது. 1999-ல் வலென்சியா தெருவில் கார்களுக்கு இருந்த நான்கு தடங்களை இரண்டாகக் குறைத்து, நடுவில் திரும்பும் தடமும் இரு ஓரங்களிலும் சைக்கிள் தடமும் போட வைத்தார்கள். போக்குவரத்தே நின்றுவிடும் என்று பயமுறுத்தியவர்கள் உண்டு. நடந்தது வேறு: சைக்கிளில் போகிறவர்களின் எண்ணிக்கை இரண்டு மடங்குக்கும் மேல் உயர்ந்தது. அந்த வெற்றியின் சூட்டில் நகரம் முழுவதற்கும் திட்டம் தயாரானது. அப்போது ஒரு வழக்கு வந்தது. சுற்றுச்சூழல் ஆய்வு செய்யாமல் திட்டத்தை நிறைவேற்றக் கூடாது என்று 2006-ல் நீதிமன்றம் தடை போட்டது. புகை விடாத வண்டிக்குச் சுற்றுச்சூழல் சட்டத்தைக் காட்டித் தடை! சைக்கிள் தடத்துக்குத் தெருவில் ஒரு கோடு போட முடியவில்லை. கடை வாசலில் சைக்கிளைப் பூட்டி வைக்க ஒரு கம்பி நட முடியவில்லை. தடை முழுவதுமாக விலக 2010 ஆகஸ்ட் வரை ஆனது.

அந்த நான்கு வருடங்களை நினைத்துப் பாருங்கள். நன்கொடையாளரிடம் காட்டுவதற்குக் கையில் ஒன்றுமே இல்லை. டிசம்பர் கடிதத்தில் என்ன எழுதுவார்கள்? ஆனாலும் உறுப்பினர்கள் கலையவில்லை. ஆய்வு அறிக்கை முடியும்வரை நகராட்சியை விடாமல் நச்சரித்தார்கள். எந்தெந்தத் தெருக்கள் முதலில் என்று பேட்டை பேட்டையாகக் கூட்டம் போட்டு ஆதரவு சேர்த்தார்கள். தடை விலகியபோது டஜன் கணக்கில் திட்டங்கள் ஒப்புதலோடு காத்திருந்தன. மறுபடி 'அ'விலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கவில்லை. என்னைக் கேட்டால் அந்த அமைப்பின் பெரிய சாதனை வலென்சியா தெருவைவிட இதுதான். ஒன்றும் நடக்காத வருடங்களிலும் சந்தா கட்டியவர்கள் இருந்தார்கள்.

கோல்டன் கேட் பூங்காவின் ஜே.எஃப்.கே. டிரைவ் விஷயமும் அப்படியே. 1967-லிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே கார்களுக்குத் தடை இருந்தது. சனிக்கிழமைக்கும் நீட்டச் சொல்லிப் பல வருடம் இழுபறி. 2020-ல் கொரோனா வந்தபோது எல்லா நாளும் மூடினார்கள். 2022 நவம்பரில் ஊர் மக்களே வாக்களித்து நிரந்தரத் தடையை உறுதிசெய்தார்கள். இப்போது அங்கே போனால் ஸ்கேட்டிங் காலணியோடு விழுந்தெழும் பிள்ளைகளையும், கைத்தடியோடு தெரு நடுவே நடந்துபோகும் தாத்தாக்களையும் பார்க்கலாம். வருபவர்களில் எத்தனை பேருக்கு இது ஐம்பது வருடத்துக்கும் மேலான வேலை என்று தெரியும்?

சான் ஃபிரான்சிஸ்கோ நமக்குத் தூரம் என்று ஃப்ரீமான்ட்காரர்கள் நினைக்கலாம். உங்கள் பக்கத்துக்குப் பைக் ஈஸ்ட் பே இருக்கிறது, 1972-லிருந்து. இன்று காலை நெரிசலில் பார்ட் ரயிலில் யாராவது சைக்கிளோடு ஏறினால் அதற்குப் பின்னால் இவர்கள் உழைப்பு உண்டு. நெரிசல் நேரத் தடை 2013-ல்தான் நீங்கியது. அதே ஆண்டு செப்டம்பரில் திறந்த பே பிரிட்ஜின் கிழக்குப் பாலத்தில் சைக்கிளுக்கும் நடப்பவர்களுக்கும் தனிப்பாதை கிடைத்ததும் நீண்டகாலப் போராட்டத்தால்தான். மேற்குப் பாதியில் இன்னும் பாதை இல்லை. ஓக்லாந்திலிருந்து சைக்கிளில் கிளம்பினால் பாலத்தின் நடுவிலுள்ள எர்பா புவேனா தீவோடு நின்று, எதிரே தெரியும் நகரத்தைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். சன்னிவேல், சான்டா கிளாரா, சான் ஹோசே வாசகர்களுக்குச் சிலிக்கான் வேலி பைசைக்கிள் கோயலிஷன். கொடுப்பது எதற்கு என்று தெரிந்துகொள்ள வேறெங்கும் போக வேண்டாம். உங்கள் பிள்ளையின் பள்ளிக்குப் போகும் வழியை ஒரு காலை சைக்கிளில் போய்ப் பார்த்தால் போதும்.

சைக்கிளுக்காக ஆள் திரட்டுவது நம்மவர்களுக்குப் புதிதல்ல என்பதற்குப் புதுக்கோட்டையே சாட்சி. 1990-களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி இயக்கம் எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. கல் குவாரியில் வேலை செய்தவர்களும் வயல்வேலைக்குப் போனவர்களும் செவிலியர்களும் பாவாடை தாவணிப் பெண்களும் திடலில் விழுந்து எழுந்து ஓட்டினார்கள். கற்றுக்கொண்டவர் அடுத்தவருக்குக் கற்றுக்கொடுத்தார். அது தானாக நடந்துவிடவில்லை. கிராமம் கிராமமாகப் போய் ஆள் திரட்டியவர்களும், கேலி பேசியவர்களுக்குப் பதில் சொன்னவர்களும், சைக்கிள் வாங்கக் கடனுக்கு ஏற்பாடு செய்தவர்களும் இருந்ததால் நடந்தது. நம் வாசகிகளில் சிலருடைய அம்மாவோ அத்தையோ அந்தத் திடலில் ஓட்டியிருக்கக்கூடும்.

கொடுப்பதைப் பற்றிச் சில நடைமுறை விஷயங்கள். இங்கே பல நிறுவனங்கள் ஊழியர் கொடுக்கும் நன்கொடைக்கு ஈடாக அதே தொகையைத் தாங்களும் கொடுக்கின்றன. நீங்கள் கொடுத்ததற்கான ரசீதை நிறுவனத்தில் பதியாவிட்டால் அந்தப் பாதி போய்விடும், ஆகவே தள்ளிப்போடாதீர்கள். வரிவிலக்கு வேண்டுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சட்டமியற்றல், தேர்தல் போன்றவற்றில் நேரடியாக இறங்கும் பிரிவுக்குக் கொடுப்பது பெரும்பாலும் வரிவிலக்கில் வராது. கல்விப் பணிக்கான பிரிவுக்குக் கொடுப்பது வரும். எந்தப் பிரிவுக்கு எழுதுகிறோம் என்று பார்த்து எழுதுங்கள். இரண்டும் தேவையான வேலைதான்.

ஒரே தடவையில் பெரிய தொகையைவிட, மாதாமாதம் சிறிய தொகை இவர்களுக்கு அதிகம் உதவும். அடுத்த ஆண்டு முழுவதும் ஒருவருக்குச் சம்பளம் கொடுக்க முடியும் என்ற நம்பிக்கை இருந்தால்தானே ஆளை வேலைக்கு வைக்க முடியும்? உறுப்பினராகச் சேருங்கள். வாரியத்தின் முன்னால் போய் நிற்கும்போது "எங்களுக்கு இத்தனை உறுப்பினர்கள்" என்று சொல்லும் எண்ணிக்கையில் உங்கள் பெயரும் சேரும். பணம் முடியாதவர்கள் நேரம் கொடுக்கலாம். சான் ஃபிரான்சிஸ்கோவில் பேஸ்பால் மைதான வாசலில் சைக்கிள்களை வாங்கி வைத்து டோக்கன் கொடுக்கும் வேலைக்கு ஆள் தேவைப்படும். நம் ஊர் சினிமா கொட்டகை சைக்கிள் ஸ்டாண்டு மாதிரியேதான், கட்டணம் மட்டும் கிடையாது. ஆங்கிலம் சரளமாக வராத பெற்றோர் ஊரிலிருந்து வந்திருந்தால் அவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள். டோக்கன் கிழிக்க மொழி வேண்டாம்.

இந்த அமைப்புகளுக்கும் நம் இதழுக்கும் விளம்பரத் தொடர்பு எதுவும் கிடையாது. நான் சந்தா கட்டும் சாதாரண உறுப்பினன், அவ்வளவே.

ஜனவரி இதழில் பொங்கல் கட்டுரைகளோடு இன்னொரு பகுதியும் வரும். உங்கள் பகுதியில் சைக்கிளில் போகப் பயமாக இருக்கும் இடம் எது என்று எழுதி அனுப்புங்கள். தெருவின் பெயர், எந்தக் குறுக்குத்தெரு, எந்த நேரம், என்ன பயம் என்று நான்கு வரி போதும். பிள்ளைகளே எழுதினால் இன்னும் நல்லது. வந்ததையெல்லாம் தொகுத்து, ஆங்கிலத்திலும் எழுதி, அந்தந்தப் பகுதி அமைப்பிடம் கொடுக்கிறோம். கடிதங்கள் டிசம்பர் 20-க்குள் எங்களுக்குக் கிடைக்க வேண்டும். நன்கொடைக்கு 31 வரை நேரம் இருக்கிறது.

அன்புடன்,
ஆசிரியர்