தொப்பியின் கதை தெரியுமா?

எங்கள் அலவத்துகொடப் பக்கத்துக் கல்யாண வீடுகளில் பழைய அல்பங்களைப் புரட்டினால், மாப்பிள்ளைமாரின் தலையில் ஒரு தொப்பியைக் காணலாம். கருஞ்சிவப்பு நிறம், தட்டையான உச்சி, ஒரு பக்கம் தொங்கும் கறுப்புக் குஞ்சம். அதுதான் துருக்கித் தொப்பி. மூத்தாப்பாமார் அதைப் பெருமையாக அணிந்தார்கள். இன்று படம் எடுப்பதற்காக மட்டும் சிலர் அணிகிறார்கள். தொப்பி இருக்கிறது, அதன் கதைதான் மறைந்துகொண்டு போகிறது என்பது என் எண்ணம்.

எகிப்தில் ஆங்கிலேயரை எதிர்த்துப் போராடித் தோற்ற ஒராபி பாஷா 1883இல் இலங்கைக்கு நாடுகடத்தப்பட்டார். அவரும் தோழர்களும் அணிந்திருந்த இத்தொப்பி இங்குள்ள முஸ்லிம்களிடையே பரவியது. பின்னர் அவர் கண்டியிலும் வாழ்ந்தார். நமது கண்டி மண்ணின் மைந்தர் அறிஞர் சித்திலெப்பையோடு அவர் நட்புக்கொண்டார். 1892இல் மருதானையில் பின்னாளைய ஸாஹிராக் கல்லூரி உருவாவதற்கு இருவரும் துணைநின்றனர். பெண்பிள்ளைகளுக்காகக் கண்டியில் பள்ளிக்கூடம் தொடங்கியவரும் இதே சித்திலெப்பைதான் என்பதை மாணவிகளாகிய நாம் மறக்கலாகாது.

1905இல் வழக்கறிஞர் எம்.சி. அப்துல் காதர் துருக்கித் தொப்பியோடு உயர் நீதிமன்றத்தில் வாதாட வந்தபோது பிரதம நீதியரசர் லேயார்ட் அதை அனுமதிக்கவில்லை. சமூகம் கொதித்தது. ஆனால் கல்லெறியவில்லை. அவ்வருடம் டிசம்பர் 31ஆம் திகதி மருதானைப் பள்ளிவாசலில் பெருந்திரளாகக் கூடித் தீர்மானங்கள் நிறைவேற்றினார்கள், மனுக்கள் அனுப்பினார்கள். இறுதியில் தொப்பியோடு வாதாடும் உரிமை கிடைத்தது.

தொப்பிக்குப் பெருமை சேர்ப்பது நாம் மட்டுமல்ல. போலந்தில் கிராகோவ் பகுதிக் கிராமத்து மாப்பிள்ளைமார் மயிலிறகு செருகிய சிவப்பு நாற்கோணத் தொப்பி அணிவார்கள். கண்டிச் சிங்கள மாப்பிள்ளைமார் நிலமே உடைக்குரிய தொப்பி அணிவதை நாமே பார்க்கிறோம்.

துருக்கித் தொப்பி மார்க்கக் கடமையல்ல. துருக்கி நாடே 1925இல் அதைச் சட்டம் போட்டுத் தடைசெய்தது. அப்படியானால் நம் முன்னோர் எதற்காகப் போராடினார்கள்? துணிக்காக அல்ல. என் தலையில் இருப்பதை அகற்று என்று சொல்ல இன்னொருவருக்கு என்ன உரிமை என்ற கேள்விக்காகவே போராடினார்கள். நம் தலைமறைப்பைப் பற்றிப் பேச்சு எழும் இக்காலத்தில் அந்தக் கேள்வி நமக்கும் சொந்தமானது. அவர்கள் கையாண்ட வழியும் நமக்குப் பாடம்: படிப்பு, ஒற்றுமை, சட்டம்.

ஆகவே பெற்றோரே, அலுமாரியில் அந்தத் தொப்பி இருந்தால் தூசு தட்டிப் பிள்ளைகளிடம் காட்டுங்கள். கல்யாணத்தன்று அதை மாப்பிள்ளைக்கு அணிவிக்கும் வாப்பா அதன் கதையையும் இரண்டு வார்த்தை சொல்லட்டும். தோழிகளே, வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிவையுங்கள். கதை தெரியாத தலையில் அது வெறும் அலங்காரம். தெரிந்த தலையில் அது வரலாறு.