தாதியின் நிதானம்

நம் வீட்டில் ஒருவர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டால், "டாக்டர் என்ன சொன்னார்?" என்பதே உற்றார் உறவினர் கேட்கும் முதற் கேள்வி. கேட்பது முறையே. ஆயினும் டாக்டர் நோயாளியின் கட்டிலருகே நிற்பது நாளில் சில நிமிஷங்கள்தாம். எஞ்சிய நேரமெல்லாம், நள்ளிரவு உட்பட, நோயாளியைக் கண்காணிப்பவர் நர்ஸ் எனப்படும் தாதியே. திருக்குறளின் 'மருந்து' அதிகாரம் நோயாளி, மருத்துவர், மருந்து ஆகிய மூன்றோடு, அருகிருந்து பணிபுரிபவரையும் ஒரு கூறாகச் சேர்த்து எண்ணுகிறது. அவரைப் பற்றியே இம்மாதம் எழுதக் கருதினோம்.

ஊசி போடுதல், மாத்திரை கொடுத்தல், புண்ணுக்குக் கட்டு மாற்றுதல் ஆகியவையே தாதியின் வேலை என்று நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். இவை கண்ணுக்குத் தெரியும் வேலைகள். கண்ணுக்குத் தெரியாத வேலை ஒன்றும் உண்டு. நோயாளியின் நிலையில் நேர்ந்த சிறு மாறுதலைக் காணுதல், அதன் பொருள் யாதென ஆராய்தல், செய்யத்தக்கது இன்னதெனத் துணிந்து செய்தல், செய்தபின் பலன் உண்டாயிற்றா எனத் திரும்பிப் பார்த்தல் ஆகிய நான்கும் சேர்ந்ததே அது. கிறிஸ்டீன் டானர் என்னும் அமெரிக்கத் தாதியியல் பேராசிரியை 2006-ஆம் ஆண்டில் இதனை இவ்வாறு நான்காகப் பிரித்துக் காட்டினார். தமிழில் நாம் இதனைத் 'தாதியின் நிதானம்' என்று அழைக்கலாம்.

உதாரணம் ஒன்று கொள்வோம். வயிற்றில் ஆபரேஷன் முடிந்து வார்டுக்கு வந்திருக்கிறார் ஒருவர். மாலையில் நாடித்துடிப்பு நிமிஷத்திற்கு 80. இரவு பத்து மணிக்கு 96. பன்னிரண்டு மணிக்கு 112. இரத்த அழுத்தமோ முன்போலவே இருக்கிறது. மேலே போட்ட கட்டிலும் இரத்தக் கறை இல்லை. "வலி அதிகம் போலிருக்கிறது, தூங்கினால் சரியாகிவிடும்" என்று ஒருவர் சொல்லிவிடக்கூடும். தேர்ந்த தாதி அவ்வாறு விடுவதில்லை. நோயாளி அமைதியின்றிப் புரளுகிறார், கை கால்கள் சில்லிட்டிருக்கின்றன, மூச்சு வேகமாகிறது, சிறுநீர் குறைந்திருக்கிறது. இவற்றை ஒன்றோடொன்று இணைத்து, உள்ளே இரத்தம் கசிகிறதோ என ஐயுறுகிறார் அவர். உடல் தன் இழப்பைச் சிறிது நேரம் மறைத்துக்கொள்ளும். இருதயம் விரைந்து துடிக்கும். தோலின் இரத்தக் குழாய்கள் சுருங்கும். அதனால் இரத்த அழுத்தம் கடைசியிலேதான் விழும். அது விழும் வரையில் காத்திருப்பவர், ஆபத்து முற்றிய பின்னரே டாக்டரை அழைப்பவராகிறார். முன்னரே அழைப்பவர் உயிரைக் காப்பவராகிறார்.

ஆபரேஷன் அன்றி மருந்தாலேயே சிகிச்சை பெறும் நோயாளிகளிடத்தும் இவ்வாறே. நீரிழிவு உள்ளவருக்கு மாரடைப்பு வரும்போது நெஞ்சு வலி தோன்றாமலே போகலாம். வியர்வை, வாந்தி, காரணமில்லாத களைப்பு ஆகியவையே அறிகுறிகளாய் நிற்கும். முதியவர் ஒருவர் திடீரென்று நாள் கிழமை தெரியாமல் பேசத் தொடங்கினால், "வயதாகிவிட்டது" என்று ஒதுக்கிவிடலாகாது. சிறுநீரிலோ நுரையீரலிலோ கிருமி பரவியதன் முதல் அடையாளமாக அது இருக்கலாம். இரத்தக் கொதிப்புக்கு உட்கொள்ளும் மருந்துகளுள் சில நாடியை வேகமெடுக்க விடா. அத்தகையவருக்கு உடல் எவ்வளவு தவித்தாலும் நாடியின் எண் சாதாரணமாகவே இருக்கும். ஆதலின் எண்ணை மட்டும் பார்ப்பது போதாது. எவருடைய எண் அது என்பதையும் பார்க்க வேண்டும்.

எண்களும் வேண்டுவனவே. பிரிட்டனில் 2012-ஆம் ஆண்டில் ஓர் எச்சரிக்கை மதிப்பெண் முறை நாடு முழுவதற்கும் பொதுவாக வகுக்கப்பட்டது. மூச்சு, இரத்தத்தில் பிராணவாயு, நாடி, இரத்த அழுத்தம், உடற்சூடு, நினைவு ஆகியவற்றுக்குத் தனித்தனியே மதிப்பெண் இட்டுக் கூட்டுவார்கள். கூட்டுத்தொகை 5 ஆனால் விரைந்து டாக்டர் பார்க்க வேண்டும். 7 ஆனால் அவசரநிலை. புதிதாகத் தோன்றும் மனக்குழப்பமும் 2017-இல் இதில் சேர்க்கப்பட்டது. நிமிஷத்திற்கு 25 முறையோ அதற்கு மேலோ மூச்சு வாங்கினால், அது ஒன்றுக்கே 3 மதிப்பெண். எண்ணுவதற்கு எளிதாயினும் பல இடங்களில் எண்ணப்படாமல் ஊகித்து எழுதப்படுவதும் இந்த மூச்சுதான். கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிஷம் முழுவதும் மூச்சை எண்ணும் தாதியைக் காண நேர்ந்தால், அவர் சும்மா நிற்கிறார் என்று எண்ணிவிடாதீர்கள்.

இந்த நிதானம் ஒரு நாளில் கைவருவதன்று. பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் 1859-இல் வெளியிட்ட தாதிமை நூலில் நோயாளியைக் கூர்ந்து நோக்குதலுக்கென்றே ஓர் அத்தியாயம் வகுத்தார். நம் தமிழ்நாட்டில் வேலூரில் 1909-இல் தாதியர் பள்ளி தோன்றியது. 1946-இல் அங்கேயே தாதியருக்குப் பட்டப் படிப்பும் தொடங்கியது. பட்டம் பெற்ற பின்னரும் பல ஆண்டுகள் நோயாளிகளோடு பழகித்தான் கண் தெளிகிறது. புதியவர் விதியைப் பின்பற்றுகிறார். அனுபவசாலி நோயாளி முழுவதையும் ஒரே பார்வையில் கண்டு, "ஏதோ சரியில்லை" என உணர்கிறார். பட்ரீஷியா பென்னர் என்னும் அம்மையார் 1984-இல் இந்த வளர்ச்சியை ஐந்து படிகளாக விளக்கி எழுதினார்.

இவையெல்லாம் மூணாற்றுத் தமிழ்க் குடும்பங்களுக்கு ஏன் கூடுதலாகத் தேவை என்று கேட்கலாம். முதற் காரணம் தூரம். எஸ்டேட்டில் டிஸ்பென்ஸரி உண்டு. மூணாற்றில் டாட்டா ஹைரேஞ்ச் மருத்துவமனை உண்டு. எனினும் பெரிய சிகிச்சை வேண்டுமாயின் கோட்டயத்திற்கோ எர்ணாகுளத்திற்கோ நூறு கிலோமீட்டருக்கு மேல் இறங்க வேண்டும். அன்றேல் போடிமெட்டு வழியாகத் தேனிக்குச் செல்ல வேண்டும். மலைப்பாதை, மூடுபனி, ஆடி மாதத்து மழை, மண்சரிவு ஆகியவற்றை நாம் அறிவோம். பட்டணத்தில் ஒரு மணி நேரம் தாமதித்து உணர்ந்தாலும் அடுத்த கட்டடத்தில் தீவிர சிகிச்சைப் பிரிவு இருக்கக்கூடும். இங்கோ ஒரு மணி முன்னதாக உணர்வதே நோயாளி உயிரோடு மலையிறங்குவதற்கு வழி.

இரண்டாவது காரணம் மொழி. மூணாற்றுத் தாதியர் பலர் தமிழும் மலையாளமும் அறிந்தவர்கள். மலையிறங்கிச் சென்றால் அந்த வசதி எப்போதும் கிட்டுவதில்லை. இரு மொழிகளும் உறவுடையன என்பதே சில சமயம் இடையூறாகிறது. நாம் "மயக்கமாக இருக்கிறது" என்றால் தலை சுற்றுகிறது, நினைவு தப்பும்போல் இருக்கிறது என்று பொருள். மலையாளத்தில் மயக்கம் என்பது தூக்கக் கலக்கத்தையும் குறிக்கும். நாம் 'வலி' என்பதை அவர்கள் 'வேதன' என்பார்கள். அவர்கள் 'வலிவு' என்றால் மூச்சிழுப்பு. ஆகையால் ஒரு சொல்லோடு நின்றுவிடாதீர்கள். இடத்தைக் கையால் தொட்டுக் காட்டுங்கள். எப்போது தொடங்கியது, எப்படி வளர்ந்தது என்று விரித்துச் சொல்லுங்கள்.

தாதியின் நிதானத்திற்குக் குடும்பத்தார் அளிக்கக்கூடிய உதவி பெரிது. நோயாளியின் வழக்கமான நிலையை அறிந்தவர் நீங்களே. "இவர் எப்போதும் இப்படித்தான் பேசுவார்" என்பதும், "இப்படி ஒருநாளும் இருந்ததில்லை" என்பதும் எந்தக் கருவியும் தரமுடியாத செய்திகள். இங்கிலாந்தில் மார்த்தா மில்ஸ் என்னும் பதின்மூன்று வயதுச் சிறுமி 2021-இல் இரத்தத்தில் நஞ்சேறி இறந்தாள். நிலை மோசமாகிறது என்று பெற்றோர் சொன்னது உரியவாறு கேட்கப்படவில்லை. முன்னதாகவே தீவிர சிகிச்சைக்கு மாற்றியிருந்தால் அவள் பிழைத்திருக்கக்கூடும் என்று 2022-இல் விசாரணை கண்டது. அதன் பயனாக 2024 முதல் அந்நாட்டு மருத்துவமனைகளில் 'மார்த்தா விதி' நடைமுறைக்கு வரலாயிற்று. நோயாளி வயதில் சிறியவராயினும் பெரியவராயினும், குடும்பத்தார் ஐயுற்றால் வேறொரு மருத்துவக் குழுவை உடனே வந்து பார்க்கச் சொல்லலாம் என்பது அவ்விதி.

நம் ஊரில் அத்தகைய விதி இல்லாவிடினும், செய்யக்கூடியவை பல. உட்கொண்டுவரும் மாத்திரைகளை அட்டையோடு கொண்டு செல்லுங்கள். நாட்டு மருந்து உண்டாயின் சொல்லுங்கள். மதுப் பழக்கம் உண்டாயின் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். நாள்தோறும் குடிப்பவர் ஆஸ்பத்திரியில் அது கிட்டாமல் இரண்டாம், மூன்றாம் நாளில் கை நடுங்கிப் பிதற்றத் தொடங்கலாம்; அது உயிருக்கே ஆபத்தாகலாம். காரணத்தை முன்னரே அறிந்த தாதி வீணே வேறெதையோ தேடிக் காலம் கழிக்கமாட்டார். நோயாளியிடம் மாறுதல் கண்டால், "தொந்தரவாகுமோ" என்று தயங்காமல் மரியாதையோடு அழையுங்கள். ஒருமுறை சொல்லியும் கவலை தீராவிடின் மறுமுறையும் சொல்லுங்கள்.

இன்னொன்றையும் மறத்தலாகாது. எவ்வளவு தேர்ந்த கண்ணாயினும் ஒரே நேரத்தில் பல கட்டில்களைப் பார்க்க இயலாது. அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தின் 168 மருத்துவமனைகளில் ஆபரேஷன் செய்துகொண்ட நோயாளிகளை ஆராய்ந்து, லிண்டா எய்கன் என்பவரும் தோழர்களும் 2002-இல் முடிவு வெளியிட்டனர். ஒரு தாதியின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடுந்தோறும், முப்பது நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடியிருக்கக் கண்டார்கள். எனவே இரவு வார்டில் ஒரே நர்ஸம்மா ஓடியாடுவதைக் கண்டு அவர்மேல் சினம் கொள்வதில் பயனில்லை. இன்னும் ஒருவரை நியமியுங்கள் என நிர்வாகத்தாரிடம் சங்கங்களின் வாயிலாகக் கேட்பதே பயனுடையது.

நம் பெண்மக்களும் ஆண்மக்களும் தாதியர் படிப்பை நாடி வெளியூர் செல்கின்றனர். ஊசி போடக் கற்கச் சென்றார்கள் என்று எவரும் எளிதாகச் சொல்ல வேண்டாம். நள்ளிரவில் தனியே நின்று, அரைகுறைத் தடயங்களைக் கொண்டு, ஓர் உயிரைப் பற்றி முடிவெடுக்கும் அறிவைக் கற்கச் சென்றிருக்கிறார்கள் என்று சொல்லுங்கள். அந்த அறிவுக்கு உரிய மதிப்பை வீட்டிலும் வார்டிலும் நாம் அளிப்போமாக.