இரவல் பாட்டு என்பவர்களுக்கு

றஷீத் தாஹாவைப் பற்றிக் கதை வந்தால் எம்மிடையே உள்ள இசை விற்பன்னர்கள் சிலர் உதட்டைப் பிதுக்குகிறார்கள். 'குரல் நல்லதுதான், ஆனால் பெயர் வாங்கிக் கொடுத்தது மற்றவனுடைய பாட்டு' என்கிறார்கள். 1998 இல் வந்த 'திவான்' இசைத்தட்டைத்தான் சொல்கிறார்கள். அதிலுள்ள பாடல்களில் பெரும்பாலானவை அவர் ஆக்கியவை அல்ல என்பது உண்மை. அல்ஜீரியாவிலும் அதன் அயலிலும் முன்பே மற்றவர்கள் பாடியவை. அதனாலென்ன என்று கேட்கிறோம்.

1973 இல் டேவிட் போவி அறுபதுகளின் பாட்டுக்களைத் திரும்பப் பாடி 'பின் அப்ஸ்' என்று வெளியிட்டார். 1975 இல் ஜோன் லெனன் தன் இளவயதில் கேட்ட பாட்டுக்களைப் பாடி 'றொக் அன்ட் றோல்' என்று பெயர் வைத்தார். பிடித்தவர்களும் பிடிக்காதவர்களும் அவற்றை றொக் என்றே எழுதினார்கள். அதே வேலையை ஒரு அரபுக்காரன் செய்தால் கடைக்காரர் 'உலக இசை' என்ற தட்டில் கொண்டுபோய் வைக்கிறார். லெனன் பாடியது எந்தக் கிரகத்து இசையோ!

தாஹா 1958 இல் அல்ஜீரியாவில் பிறந்தவர். பத்து வயதளவில் பெற்றோருடன் பிரான்ஸ் வந்தார். லியோனில் பகலில் தொழிற்சாலை வேலை. இரவில் ஒரு நடனவிடுதியில் அரபுப் பாட்டையும் லெட் ஸெப்பலினையும் கலந்து ஒலிக்கவிட்டார். எண்பதுகளின் தொடக்கத்தில் நண்பர்களோடு ஒரு றொக் குழு அமைத்தார். குழுவின் பெயர் 'கார்த் து செஜூர்'. பாரிஸில் இருக்கும் எம்மவருக்கு இதை மொழிபெயர்க்கத் தேவையில்லை. விடியப்புறம் பிரிஃபெக்சர் வாசலில் குளிரில் நின்று வாங்கிய அட்டைதானே! அந்தப் பெயரோடு அவர்கள் 1986 இல் பாடியதும் ஒரு இரவல் பாட்டுத்தான். சார்ல் த்ரெனே நாற்பதுகளில் பாடிய, 'இனிய பிரான்ஸ்' என்று பொருள்படும் பாட்டு. குடியுரிமைச் சட்டத்தை இறுக்க அரசு முனைந்துகொண்டிருந்த நேரம் அது. அந்தத் தட்டு தேசிய சபை உறுப்பினர்களுக்கு விநியோகிக்கப்பட்டது. வரிகள் பிரெஞ்சுக்காரனுடையவை, வாய் அல்ஜீரியனுடையது. வாய் மாறியதும் பாட்டின் பொருளும் மாறிவிட்டது. இதை எந்தச் சொந்தப் பாட்டினால் செய்திருக்க முடியும்?

பன்னிரண்டு ஆண்டுகளின் பின் 'திவான்' வந்தது. (எமக்குத் திவான் என்றால் சமஸ்தானத்து மந்திரி. அரபியில் கவிதைத் தொகுப்பையும் அந்தச் சொல்லாலேயே குறிப்பார்கள்.) அதன் முதற்பாட்டு 'யா ராயஹ்'. தஹ்மான் எல் ஹராஷி எழுபதுகளில் பாடியது. ஹராஷி 1949 இல் பிரான்ஸ் வந்து, தொழிலாளர் கூடும் கஃபேக்களில் மண்டோலாவும் கையுமாகப் பாடியவர். 1980 இல் வீதி விபத்தில் இறந்துபோனார். ஊரைவிட்டுப் புறப்படுகிறவனைப் பார்த்து, எவ்வளவு தூரம் போனாலும் களைத்துத் திரும்புவாய், உனக்கு முன் எத்தனை பேர் ஏமாந்தார்கள் என்று எச்சரிக்கிற பாட்டு. ஊர் நினைவில் உருகுகிற பாட்டு அல்ல, ஏசுகிற பாட்டு. தகப்பன்மார் வேலை முடிந்து வந்து கேட்ட அந்தப் பாட்டை நகரத்து நடனக் கூடங்கள் கேட்கவில்லை. மகன் பாடியபோதுதான் கேட்டன.

அந்தத் தட்டில் 'மென்ஃபி' என்றொரு பாட்டும் இருக்கிறது. நாடுகடத்தப்பட்டவன் என்று பொருள். 1871 கிளர்ச்சியின் பின் பிரெஞ்சு அரசு நியூ கலிடோனியாத் தீவுக்கு அனுப்பியவர்களின் துயரத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் பாட்டு. அதை அதே பிரான்ஸின் மேடையில் நின்று பாடுவது கற்பனை வறட்சியாம்!

இன்னொரு கூட்டமும் உண்டு. பழைய பாட்டைக் கெடுத்துவிட்டான் என்பவர்கள். ஸ்ரீவ் ஹிலேஜ் என்ற ஆங்கிலேய கிற்றார்காரர் தயாரித்தாராம், ஆகவே தூய்மை போய்விட்டதாம். ஷாபி இசையே அல்ஜியர்ஸ் நகரத்தின் கலப்புப் பிள்ளை. அந்தலூசிய மரபில் பிறந்து, பான்ஜோவையும் பியானோவையும் தன்னோடு சேர்த்துக்கொண்டது. அதில் எந்தத் தூய்மையைக் கண்டார்கள்? சொல்லப்போனால் 'திவான்' எதிர்பார்த்த அளவுக்கு இரைச்சலான றொக்கும் அல்ல. நரம்பிசையும் தோல்வாத்தியங்களும் முன்னால் நிற்க, றொக்கின் அடித்தாளம் கீழே உழைக்கிறது. சில பாட்டுக்களில் அந்த மெருகு கூடிப்போய்விட்டது என்பதும் எமது அபிப்பிராயம். தாஹாவின் குரலில் இருக்கும் கரகரப்பு அங்கே சற்று அடங்கிவிடுகிறது.

ஆனால் இரவலைப் பற்றி எம்மவர் பேசுவதுதான் எமக்குப் பொறுக்கவில்லை. வருடாவருடம் மண்டபம் எடுத்து, சினிமாப் பாட்டை மூச்சு விடும் இடம்கூடப் பிசகாமல் பாடி, 'அச்சொட்டாக அப்படியே இருந்தது' என்று கைதட்டி வீடு போகிறவர்கள் நாம். அங்கே பாடுகிற பிள்ளை தான் எந்த நாட்டில் நிற்கிறாள் என்பது பாட்டில் தெரிந்துவிட்டால் அது பிழை! அதற்குப் பரிசு கொடுக்கிற நாம், தகப்பன்மாரின் பாட்டைத் தன் தொண்டையால், தான் வளர்ந்த நகரத்தின் இரைச்சலோடு பாடியவனை இரவல்காரன் என்கிறோம். லா ஷப்பலில் இருந்து பார்பெஸ் நடந்துபோகிற தூரம். அல்ஜீரியர்களின் இசைத்தட்டுக் கடைகள் நிறைந்திருந்த பார்பெஸுக்குத் தொலைபேசி அட்டை வாங்கவும் மலிவுத் துணி வாங்கவும் போய்வந்தோம். அந்தக் கடைகளுக்குள் எம்மில் எத்தனை பேர் காலெடுத்து வைத்தோம்?

தாஹா 2018 செப்டெம்பரில் மாரடைப்பால் இறந்தார். உடலை அல்ஜீரியாவுக்குக் கொண்டுபோய், அவர் பிறந்த சிக் நகரில் அடக்கம் செய்தார்கள்.