கொட்டாஞ்சேனையில் ஒரு காலைநடை

பழைய நகரங்களைக் காண ஜேர்மனிக்கே போகவேண்டும் என்றெண்ணும் மாணவர் பலர். வெள்ளவத்தையிலிருந்து விடியலில் பஸ் ஏறிக் கொட்டாஞ்சேனைக்குச் சென்று பாருங்கள். வழிகாட்டி வேண்டுவதில்லை, கால்களே போதும்.

முதலில் வுல்வெண்டால் குன்று. நரிகளை ஓநாய்கள் என மயங்கிய ஒல்லாந்தர், 'ஓநாய்ப் பள்ளத்தாக்கு' எனப் பெயரிட்டனர். அவர்கள் 1749இல் தொடங்கி 1757இல் முடித்த தேவாலயம் இன்றும் நிற்கின்றது. அடுத்துத் தீபதுத்தாராம விகாரை. 1885ஆம் ஆண்டு வெசாக் நாளில் பௌத்தக் கொடி முதன்முதல் ஏற்றப்பெற்றது இங்கேதான். அப்பால் புனித லூசியா பேராலயம். 1883ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறன்று பௌத்தரும் கத்தோலிக்கரும் மோதிக்கொண்டதும் இத்தெருக்களிலேதான்.

கடற்பக்கம் திரும்பினால் பொன்னம்பலவாணேசர் கோயில். பொன்னம்பல முதலியார் 1856இல் நிறுவிய அதனை, மைந்தர் இராமநாதன் கருங்கல்லாற் புதுக்கினார். அண்மையில் கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயம். 2019ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறன்று வெடித்த குண்டு அங்கே பல உயிர்களைக் குடித்தது. ஆயினும் செவ்வாய்தோறும் சைவரும் பௌத்தரும் அங்கே மெழுகுதிரி ஏற்றுவது நின்றுவிடவில்லை.

அயலவன் வாசலைக் கால் அறியாதபோதே மனம் அவனைப் பகைக்கத் துணிகின்றது. பெற்றோரே, வரும் விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். ஒவ்வொரு வாசலிலும் சற்றே நின்று வாருங்கள்.