அறுபதுக்குள் அடங்கட்டும் டவுன் பஸ்

ரவுண்டான எண் எது என்று கேட்டால் எல்லோரும் நூறைத்தான் சொல்வார்கள். டைம் கீப்பராக வேலை பார்த்து ஓய்வுபெற்ற என்னைக் கேட்டால், அறுபது என்பேன்.

நூறை மூன்றால் வகுத்தாலும் மீதி, ஆறால் வகுத்தாலும் மீதி. அறுபதோ ஒன்று முதல் ஆறு வரை எல்லா எண்ணாலும் மீதியின்றி வகுபடும். அப்படி வகுபடுவதில் மிகச் சிறிய எண் அதுதான். அதற்குக் காரணிகள் 12, நூறுக்கு 9. பாபிலோனியர் கணக்கையே அறுபதில் வைத்தார்கள். நம் முன்னோர் ஒரு நாளை 60 நாழிகையாகப் பிரித்தார்கள். பிரெஞ்சுப் புரட்சிக்காரர்கள் 1793-ல் மணிக்கு நூறு நிமிடம் என்று சட்டம் போட்டு, 1795-லேயே கைவிட்டார்கள்.

அறுபதின் இந்த வசதி பஸ் அட்டவணைக்கும் உதவும். போய்த் திரும்ப 52 நிமிடம் பிடிக்கும் டவுன் பஸ் தடம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நிலையத்தில் எட்டு நிமிடம் நிறுத்தினால் சுற்று சரியாக ஒரு மணி நேரம். இரண்டு வண்டி விட்டால் அரை மணிக்கு ஒன்று. மூன்று விட்டால் 20 நிமிடம், நான்குக்கு 15, ஐந்துக்கு 12, ஆறுக்கு 10. ஆறில் ஒன்று பழுதாகி டெப்போவுக்குப் போனாலும் 12 நிமிட இடைவெளியில் மற்ற ஐந்தையும் சீராக அனுப்பலாம். நெரிசலில் தாமதமானால் அந்த எட்டு நிமிடம் ஈடுகட்டும். இல்லையென்றால் டிரைவரும் கண்டக்டரும் டீ குடிப்பார்கள். அதுவும் தேவைதான்.

இந்த எட்டு நிமிடத்தை வீண் என்று நினைத்து, 25 நிமிடம், 35 நிமிடம் என்று இடைவெளி வைக்கிறார்கள். 6.00, 6.25, 6.50, 7.15, 7.40, 8.05. இதே நிமிடங்கள் திரும்பி வர ஐந்து மணி நேரம் ஆகும். 35 என்றால் ஏழு மணி நேரம். யாருக்கு மனப்பாடம் ஆகும்? "அண்ணே, அடுத்த வண்டி எப்ப?" என்று பூக்கூடையோடு நிற்கும் அம்மா கேட்பது இதனால்தான். இருபது நிமிட இடைவெளியென்றால் 'மணி, இருபது, நாற்பது' என்று ஒருமுறை சொன்னால் போதும்.

சுவிட்சர்லாந்து ரயில்வே 1982-லேயே நாடு முழுவதும் மணிக்கு மணி ஒரே நிமிடத்தில் வண்டி கிளம்பும் அட்டவணைக்கு மாறிவிட்டது. நம் டவுன் பஸ்ஸில் இதைத் தொடங்கப் புது வண்டியோ பெரிய செலவோ தேவையில்லை. போக்குவரத்துக் கழகங்கள் அடுத்த அட்டவணை போடும்போது, ஒவ்வொரு டவுன் பஸ் தடத்துக்கும் 10, 12, 15, 20, 30 இவற்றில் ஒன்றை இடைவெளியாக வைக்க வேண்டும். அந்த நிமிடங்களை ஒவ்வொரு நிறுத்தத்திலும் பெரிய எழுத்தில் எழுதிவைக்க வேண்டும்.